ஓட்டம், ஜிம், ஆபீஸ் மீட்டிங்: எல்லாவற்றுக்கும் ஒரே ப்ளூடூத் இயர்போன் போதுமா?

காலைநடை:

வணக்கம். இத்தனை காலம் கம்பி வைத்த இயர்போனிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது மாற்றிய ஃபோனில் அதைச் செருகும் துளையே கிடையாது, ஆகவே ப்ளூடூத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் வெளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் இல்லாமல் வாங்காதே என்கிறார், இன்னொருவர் காதை அடைக்கிற எதையும் மாட்டிக்கொண்டு சாலையில் இறங்காதே என்கிறார், மூன்றாவது ஆள் கோடெக், டிரைவர், மில்லிமீட்டர் என்று ஆரம்பித்துவிடுகிறார்.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் பாதி நாள் காலையில் சாலையோரம் மெதுவோட்டம், வண்டிகள் போகிற சாலைதான். மீதி நாள் ஜிம்மில் எடை தூக்குவது. எனக்கு வியர்வை கொஞ்சம் அதிகம், கொஞ்சம் என்ன, ஊற்றும். இது போக, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாட்டு, பாட்காஸ்ட். ஆபீஸில் லேப்டாப்பில் மீட்டிங். கண்ணாடி போடுபவன், காதுக்குப் பின்னால் ஏற்கெனவே இடம் இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா, இல்லை இரண்டாக வாங்குவதுதான் சரியா? பெட்டிமேல் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ்4, ஐபி55 எல்லாவற்றையும் வியர்வை விஷயத்தில் எந்த அளவு நம்பலாம்? அப்புறம், நண்பர் ஒருவரின் பட்ஸை வாங்கி மாட்டிப் பார்த்தேன், இடது காதில் கச்சிதமாக உட்கார்ந்தது, வலது காதில் நாலு எட்டு ஓடியதும் கழன்று வந்துவிட்டது. என் காதில்தான் கோளாறா? பிராண்ட் பற்றிப் பிடிவாதம் எதுவும் இல்லை. ஃபோன் ஆண்ட்ராய்டு.

---

மூச்சிரைப்பு:

காதில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும் என்று சட்டமா என்ன, நிறையப் பேருக்கு இடது வேறு, வலது வேறுதான். பெட்டிக்குள் மூன்று நான்கு அளவில், காதுத் துளைக்குள் போகும் சிலிகான் டிப் கொடுப்பதே அதற்காகத்தான், ஆனால் பாதிப் பேர் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரியது என்று போட்டுப் பாருங்கள். சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தெரிய, பேஸ் கனமான ஒரு பாட்டைப் போட்டுவிட்டு விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் காது முழுதாக அடைபடவில்லை, டிப்பை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் மாறும், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குக் கழன்று விழ அதுவும் ஒரு காரணம். "பேஸே இல்லை, குப்பை" என்று விமர்சனம் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் டிப் மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது வண்டி போகும் சாலை. அங்கே காதை அடைக்கும் வகையே வேண்டாம் என்பது என் கட்சி. ஹாரன் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அடைத்த காதோடு ஓடும்போது உங்கள் காலடியே மண்டைக்குள் தொம் தொம் என்று இடிக்கும், மூச்சு குகைக்குள் விடுவதுபோல் கேட்கும். டிரான்ஸ்பரன்சி மோட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல பட்ஸில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அது வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து உள்ளே ஒலிபரப்புகிற ஏற்பாடு. எதிர்க்காற்றில் ஓடினால் மைக்கில் காற்று அடித்து இரைச்சல் வரும், சார்ஜ் தீர்ந்தால் காதில் இருப்பது வெறும் அடைப்பான்.

திறந்த காது வகையில் இப்போது நிறைய வந்துவிட்டன. எலும்பு வழியாகக் கேட்கும் வகை ஒன்று, காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து அதிர்வை உள்ளே அனுப்பும். ஷாக்ஸ் ஓப்பன்ரன்தான் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், 2021 வரை ஆஃப்டர்ஷாக்ஸ் என்று இருந்த அதே கம்பெனி. காதுத் துளைக்கு வெளியே சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிடும் வகை இன்னொன்று, ஓப்பன்ஃபிட் மாதிரி. காது மடலின் ஓரத்தில் கிளிப்போலக் கவ்வுவது மூன்றாவது, போஸ் அல்ட்ரா ஓப்பன் அப்படிப்பட்டது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்தக் கிளிப் வகை வசதி, காதுக்குப் பின்னால் எதுவும் வராது. எலும்பு வழி வகையில் இன்னொரு நன்மை, காதுச் சவ்வுக்கு வேலையே இல்லை என்பதால் காதுக்கும் நல்லது.

குறை? பேஸ் சுமார்தான். ரயில், பேருந்து இரைச்சலில் பாட்காஸ்ட் கேட்க முடியாது.

---

இரும்புத்தூக்கி:

சாலைக்கு மேலே சொன்னது சரி தலைவரே, ஆனால் ஜிம்முக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் நொந்துபோவீர்கள். ஜிம்காரர்கள் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டு அலறவிட்டிருப்பார்கள், திறந்த காதில் அதுவும் கேட்கும், உங்கள் பாட்டும் கேட்கும், கடைசியில் இரண்டும் கேட்காது. பெஞ்சில் மல்லாந்து படுத்தால், தலைக்குப் பின்னால் வளையம் வரும் எலும்பு வழி வகை பெஞ்சில் முட்டி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். தரையில் படுத்து வயிற்றுக்குச் செய்யும் பயிற்சிகளுக்கும் அதே கதை.

ஜிம்முக்குக் காதை அடைக்கிற வகைதான். கொக்கி உள்ளது (பவர்பீட்ஸ் ப்ரோ 2 மாதிரி) கண்ணாடிக் காம்போடு சண்டை போடும் என்பதால் உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். காது மடலின் உள்மடிப்பில் செருகிக்கொள்ளும் சின்ன ரப்பர் இறக்கை உள்ளதைப் பாருங்கள், பீட்ஸ் ஃபிட் ப்ரோவில் இருப்பதுபோல. ஸ்கிப்பிங் ஆடினாலும் அசையாது, கண்ணாடிக்கும் தொந்தரவு இல்லை.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம்: பட்டன். தொடு பரப்பு வைத்த பட்ஸில் வியர்வை விரலால் தொட்டால் ஒன்று வேலை செய்யாது, இல்லை கழன்றதைச் சரி செய்யப் போகும்போது பாட்டு நின்று யாருக்கோ கால் போய்விடும். அழுத்தினால் சொடுக்கென்று உள்ளே போகும் நிஜ பட்டனோ, பட்ஸின் காம்பைக் கிள்ளுகிற வகையோ இருப்பதை எடுங்கள்.

இரண்டு வாங்கப் பணம் இல்லையென்றால் அடைக்கும் வகை ஒன்றை வாங்கி, சாலையில் ஓடும்போது வண்டி போகிற பக்கத்துக் காதைத் திறந்துவிட்டு மறு காதில் மட்டும் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். ஃபோனின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ என்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்க இசையும் ஒரே காதில் வந்துவிடும். நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில் வேண்டுமானால் இதுதான்: ஒன்று போதும், ஆனால் ஒரு காதோடு ஓடச் சம்மதமாக இருக்க வேண்டும்.

---

ஈயப்பற்று:

பழுது பார்க்கிறவன் என்கிற முறையில் வியர்வைக் கேள்விக்கு மட்டும் பதில்.

ஐபி என்று போட்டு வரும் இரண்டு இலக்கத்தில் முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்று இருந்தால் அதற்குச் சோதனை செய்து மதிப்பு கொடுக்கவில்லை என்று பொருள், பூஜ்யம் என்று இல்லை. ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் குழாய் முனையிலிருந்து பீய்ச்சி அடிப்பதை. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடப்பதை. பலர் நினைப்பதுபோல் 7 வாங்கினால் 5 தானாக அதற்குள் வந்துவிடாது. மூழ்குவதும் பீய்ச்சுவதும் தனித்தனிச் சோதனைகள், இரண்டையும் தாங்கும் என்றால் கம்பெனி இரண்டு எண்ணையும் போட்டிருக்கும்.

இந்தச் சோதனை எல்லாமே நல்ல தண்ணீரில். உங்கள் வியர்வையில் உப்பு இருக்கிறது, ஷாம்பு, சோப்பு நுரை தண்ணீரைவிட எளிதாக இடுக்குகளில் நுழையும், நீராவிக் குளியல் அறை வேறு கணக்கு. புதிதாக இருக்கும்போது இருந்த அடைப்பு நாளாக ஆகத் தளரும். அதனால் வியர்வை ஊற்றுகிறவர் என்றால் 4 குறைந்தபட்சம், 5 அல்லது அதற்கு மேல் நிம்மதி. மேலே சொன்ன பீட்ஸ் ஃபிட் ப்ரோ ஐபிஎக்ஸ்4, ஓப்பன்ரன் ஐபி67. ஓப்பன்ரன் ப்ரோ என்று பெயரில் ப்ரோ சேர்ந்தால் ஐபி55 ஆகிவிடும், விலை கூடியதில் தண்ணீர் தாங்குவது கூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் என் மேசைக்கு வருவதில் நிறைய, பட்ஸுக்குள் தண்ணீர் போய் வருவது இல்லை. பட்ஸின் அடியில் பொட்டுப்போல உலோகத் தொடுமுனைகள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் வினை. ஜிம் முடிந்ததும் ஈரத்தோடு அப்படியே டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர், அதன்மேல் சார்ஜ் ஆகும் மின்சாரம், மூடிய பெட்டி. முனை பச்சை பூத்து அரித்துப்போகாமல் என்ன செய்யும். பட்ஸுக்கு ஐபி மதிப்பு இருக்கும், டப்பாவுக்குப் பல மாடல்களில் எதுவுமே இருக்காது. காட்டன் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் வெளியே காற்றாட வைத்து, அப்புறம் டப்பாவில் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் ஐபி எண்ணைவிட அதிக நாள் உழைக்க வைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும், அவ்வளவுதான். டிப்பைக் கழற்றி, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டி எடுங்கள். ஊசி வேண்டாம்.

ஓடும்போதும் ஜிம்மிலும் போடுவதென்றால் ஃபோம் டிப் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஊறிப்போகும். சிலிகானைக் கழுவிக் காயவைக்கலாம்.

---

காலைநடை:

அருமை. டிப் விஷயத்தை உடனே செய்து பார்த்தேன், வலது காதுக்குப் பெரியது போட்டதும் நண்பரின் பட்ஸ் தலையை எப்படி ஆட்டினாலும் கழலவில்லை. அவர் இப்போது திருப்பிக் கேட்கிறார்.

ஆபீஸ் பக்கம் யாரும் தொடவில்லை. மீட்டிங்கில் பட்ஸ் மாட்டிப் பேசும் சக ஊழியர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, அவர்களுக்கும் எங்கள் குரல் கரகர என்று கேட்கிறதாம். விலை கூடியதை வாங்கினால் இது சரியாகுமா? எல்டாக், ஆப்ட்எக்ஸ் எல்லாம் இதற்குத்தானா?

---

மேசைவாசி:

இல்லை, இதற்கில்லை. எல்டாக், ஆப்ட்எக்ஸ், ஏஏசி, எஸ்பிசி எல்லாம் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள், அவை பாட்டு ஒரு வழியாக வரும்போதுதான். வழக்கமான ப்ளூடூத்தில் பட்ஸின் மைக் திறந்த நொடியே இணைப்பு அழைப்புக்கான வேறு முறைக்கு மாறிவிடும், அதில் குரலுக்குக் கிடைக்கும் இடம் குறுகல். பாட்டு கேட்கும்போது ஜம்மென்று இருந்த அதே பட்ஸ் மீட்டிங்கில் பழைய லேண்ட்லைன் போல ஆவது அதனால்தான், உயர்ந்த மாடல்களிலும் இது நடக்கும். ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்இ ஆடியோவும் அதன் எல்சி3 கோடெக்கும் இதைச் சரி செய்யத்தான் வந்திருக்கின்றன, ஆனால் பட்ஸ், லேப்டாப் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும்.

காசு செலவில்லாத வழி: மீட்டிங் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கருக்குப் பட்ஸையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பட்ஸ் மைக் திறக்காததால் முறை மாறாது. உங்களுக்கும் தெளிவாகக் கேட்கும், அவர்களுக்கும் உங்கள் குரல் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே போகும், ஏனென்றால் பட்ஸின் மைக் உங்கள் வாயிலிருந்து தள்ளி, காதோரம் உட்கார்ந்திருக்கிறது. சத்தமான இடத்திலிருந்து பேசினால் மட்டும் இந்த வழி சரிவராது.

நீங்கள் உண்மையில் தேட வேண்டிய வசதி மல்ட்டிபாயிண்ட், அதாவது ஃபோன், லேப்டாப் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பது. இது இல்லாத பட்ஸை வைத்துக்கொண்டு மீட்டிங்குக்கு மீட்டிங் ஃபோனில் துண்டித்து லேப்டாப்பில் இணைத்து, மறுபடி அங்கே துண்டித்து, ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவீர்கள். சில பட்ஸில் ஒரே கம்பெனிப் பொருள்களுக்குள் மட்டும் தானாகத் தாவும் வசதியை வைத்துவிட்டு இதே மாதிரி விளம்பரப்படுத்துகிறார்கள், உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனும் ஆபீஸ் லேப்டாப்பும் அந்தக் குடும்பத்தில் இல்லையென்றால் பயன் இல்லை. வாங்குமுன் குறிப்பில் மல்ட்டிபாயிண்ட் என்ற சொல்லே இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடெக் பற்றி இரண்டு வரி. உங்களுடையது ஆண்ட்ராய்டு என்பதால் எல்டாக் கிடைக்க வாய்ப்பு உண்டு, நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். ஐஃபோனில் அது கிடையாது, ஏஏசிதான். ஓடிக்கொண்டு கேட்கிறவருக்கு இதில் வித்தியாசம் தெரியும் என்று நான் நம்பவில்லை. இன்னும் சொன்னால், 990-இல் வைத்தால் நெரிசலான இடத்தில் விட்டுவிட்டு வரும், அதைவிடத் தாழ்ந்த கோடெக்கில் தடையில்லாமல் கேட்பது மேல். ப்ளூடூத் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். பின்பாக்கெட்டில் ஃபோனை வைத்து ஓடும்போது வெட்டிவெட்டி வந்தால் பட்ஸைத் திட்டாமல் ஃபோனைக் கைப்பட்டைக்கு மாற்றிப் பாருங்கள்.

---

செவிச்செல்வம்:

மூச்சிரைப்பு எழுதியதில் ஒன்றை மறுக்க வேண்டும். எலும்பு வழி வந்தாலும் காற்று வழி வந்தாலும் ஒலி கடைசியில் போய்ச் சேர்வது உட்காதின் நத்தை எலும்புக்குள்தான், அதிக சத்தத்தால் சேதமாவதும் அங்கே உள்ள மயிர்ச்செல்கள்தான். சவ்வைத் தாண்டிப் போவதால் காதுக்குப் பாதுகாப்பு என்பது விளம்பரப் பேச்சு. இரைச்சலான சாலையில் திறந்த காது வகையைப் போட்டுக்கொண்டு கேட்கவில்லையே என்று ஒலியை ஏற்றிக்கொண்டே போனால், அடைக்கும் வகையைவிட அதிக சத்தத்தில் கேட்கும் நிலைமைகூட வரும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90-க்கு ஏறினால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான் மிச்சம், காலை ஓட்டத்திலேயே அது தீர்ந்துவிடும். பயண நேரத்துக்கு நாய்ஸ் கேன்சலிங்கை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். இன்ஜின், ஏசி, தண்டவாளம் மாதிரி ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை அது நன்றாகக் குறைக்கும், இரைச்சல் குறைந்தால் ஒலியைக் குறைத்து வைத்தே கேட்கலாம். பக்கத்து இருக்கைக்காரர் பேச்சை அது அவ்வளவாகக் குறைக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

வியர்வையோடு மணிக்கணக்கில் காதை அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கி அரிப்பு, தொற்று வரலாம். ஜிம் முடிந்ததும் கழற்றிவிட்டு, காது காய்ந்த பிறகு மறுபடி மாட்டுங்கள். வலியோ நீர் வடிவதோ இருந்தால் பட்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

---

மூச்சிரைப்பு:

சரி, சவ்வு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் சாலைக்குத் திறந்த காதுதான் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. சத்தம் கேட்கவில்லையென்றால் சாலையை மாற்றுங்கள், இல்லையென்றால் பாட்டை நிறுத்துங்கள். ஒற்றைக் காது யோசனையும் எனக்கு உடன்பாடில்லை, ஒரு காது அடைபட்டால் வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று திசை பிடிபடாது.

---

இரும்புத்தூக்கி:

ஓரமாக ஓடுகிறவருக்கு வண்டி வருகிறது என்று தெரிந்தால் போதாதா, திசை வேறா. சரி விடுங்கள்.

---

காலைநடை:

எல்லோருக்கும் நன்றி. இப்போது யோசித்திருப்பது: இறக்கை வைத்த, பட்டன் உள்ள, மல்ட்டிபாயிண்ட் இருக்கிற, குறைந்தது ஐபிஎக்ஸ்5 உள்ள அடைக்கும் வகை ஒன்று, ஜிம், பயணம், ஆபீஸுக்கு. சாலை ஓட்டத்துக்குத் திறந்த காது வகையில் சாதாரணமான ஒன்று பிறகு வாங்கிக்கொள்கிறேன், அதுவரை ஓட்டத்தில் பாட்டு இல்லை. நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. வாங்கிப் போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தர முடியுமா? அப்புறம் பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

---

ஈயப்பற்று:

காதுக்குள் போகும் பொருள் என்பதால் பிரித்தபின் திருப்பி எடுக்காத விற்பனையாளர்கள் நிறைய. பணம் கட்டுமுன் திருப்பித் தரும் விதியை வாசியுங்கள். உத்தரவாதத்தில் தண்ணீர்ச் சேதம் விலக்கு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஐபி எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டுச் சின்ன எழுத்தில் அதை விலக்கியும் வைத்திருப்பார்கள். சோதித்துப் பார்ப்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்: ஓட்டம், மல்லாந்து படுப்பது, கண்ணாடியோடு ஒரு முழு மீட்டிங்.

பேட்டரி தினமும் உபயோகித்தால் இரண்டு மூன்று வருஷத்தில் தளர ஆரம்பிக்கும். ஒரு பட்ஸுக்குள் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு லித்தியம் பேட்டரி, பெரும்பாலான மாடல்களில் பசை போட்டு மூடியிருப்பார்கள், மாற்ற முடியாது. கழற்றி மாற்றும்படி செய்ததும் உண்டு, ஃபேர்ஃபோன் கம்பெனி 2024-இல் விட்ட ஃபேர்பட்ஸ் அப்படி, ஐபி54 வேறு. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பொதுவாக நாய்ஸ் கேன்சலிங் அணைத்து, ஒலி பாதியில் வைத்து அளந்தது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்ஸ் மட்டும் சீக்கிரம் தீர்கிறதென்றால் உடனே பழுது என்று நினைக்க வேண்டாம், அழைப்பில் மைக் ஓடும் பக்கம் கூடுதலாகத்தான் தின்னும். அழைப்பே பேசாத நாளிலும் ஒரு பக்கம் பாதி நேரத்தில் அணைந்தால் முதலில் அந்தப் பக்கத்துத் தொடுமுனையைத் துடையுங்கள், டப்பாவில் சரியாக சார்ஜ் ஏறாமல் இருந்திருக்கும்.